எலி என்ன செய்தது? – விலங்கு நடத்தையை ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறை



தோட்டத்து மக்களிடம் எலியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றது. செம்பனைக் குலையைக் குதறும் எலியை நீங்கள் அறிவீர்கள். அதைப் பிடிக்கும் கூகைக்குப் பெட்டி கட்டி வைப்பதையும் அறிவீர்கள். இன்று நான் சொல்ல வந்தது வேறோர் எலியைப் பற்றி. வெள்ளை மயிரும் சிவந்த கண்ணும் கொண்டு, ஆய்வுக்கூடத்துக் கூண்டிலே பிறந்து அங்கேயே வளரும் எலி அது. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல, மனிதருக்குத் தரப்படும் முன்னர் எலிக்கோ சுண்டெலிக்கோ கொடுத்துப் பார்க்கப்பட்டவை.

மருந்து எலியின் இரத்தத்தில் எவ்வளவு கலந்தது என்பதை, இரத்தத்தை எடுத்துச் சோதித்துச் சொல்லிவிடலாம். ஆனால் வலி குறைந்ததா, அச்சம் தணிந்ததா, ஞாபகம் மங்கியதா என்பவற்றை எப்படித் தெரிந்துகொள்வது? எலி வாய் திறந்து சொல்லாது. அது செய்வதைப் பார்த்துத்தான் நாம் முடிவுக்கு வரவேண்டும். பார்ப்பது என்ன அவ்வளவு கடினமா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு குதிரையின் கதையைச் சொல்கிறேன்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்றொருவர் இருந்தார். ஓய்வு பெற்ற கணக்காசிரியர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி முடித்தவர், ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்குப் பாடம் சொல்லத் தொடங்கினார். கரும்பலகையும் மணிச்சட்டமும் வைத்து, பல மாதங்கள் பொறுமையாகக் கற்பித்தார். கூட்டல், கழித்தல், பின்னக் கணக்கு என எதைக் கேட்டாலும் ஹான்ஸ் குளம்பால் தரையைத் தட்டி விடை சொன்னது. மூன்றும் நான்கும் எத்தனை என்றால் ஏழு முறை தட்டி நிறுத்தும். கூட்டம் கூடியது. ஆசிரியர் யாரிடமும் காசு வாங்கவில்லை. அவர் ஏமாற்றுக்காரரும் அல்லர். 1904-இல் கார்ல் ஸ்டும்ப் என்ற பேராசிரியர் தலைமையில் 13 பேர் கொண்ட குழு வந்து சோதித்தது. சூதுவாது எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது.

ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் மட்டும் விடவில்லை. அவர் செய்த வேலை மிக எளிமையானது. ஆனால் அதுவரை யாருக்கும் தோன்றாதது. எண் எழுதிய அட்டைகளைக் குதிரைக்குக் காட்டினார். சில முறை கேட்பவரும் அட்டையைப் பார்த்துக்கொண்டார். சில முறை பார்க்காமலே காட்டினார். கேட்பவருக்கு விடை தெரிந்தபோது குதிரையும் பெரும்பாலும் சரியாகத் தட்டியது. அவருக்குத் தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் குதிரையின் கண்ணுக்குப் படாமல் நின்றபோதும் கணக்குத் தவறியது. காரணம் என்ன தெரியுமா? கேள்வி கேட்டவுடன் மனிதர் குளம்பைப் பார்க்கத் தம்மை அறியாமல் சற்றுக் குனிகிறார். சரியான எண் வந்ததும் அவர் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது. அந்த அசைவைக் கண்டு குதிரை நிறுத்திவிடுகிறது. இரகசியத்தைக் கண்டுபிடித்த பிறகு ஃபுங்ஸ்டாலேயே அந்த அசைவை அடக்க முடியவில்லை. 1907-இல் இதையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

ஹான்ஸ் முட்டாள் குதிரை என்று நான் சொல்லமாட்டேன். 13 பேர் காணாததை அது கண்டது! பலகையின் முன் நிற்கும் பிள்ளை கணக்கைப் பார்ப்பதை விட்டு என் முகத்தைப் பார்ப்பதை நானும் தினமும் காண்கிறேன். குழு சோதித்தது குதிரையை; குதிரையோ குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தது. விலங்கின் நடத்தையை அளக்க அன்று முதல் உருவான முறைகளில் பெரும்பகுதி, பார்ப்பவரின் எண்ணம் அளவுக்குள் புகுந்துவிடாமல் தடுக்கும் வேலிகளே.

முதல் வேலி, சொற்களில் போடப்படுகிறது. ‘எலி கோபமாக இருந்தது’ என்று ஆய்வாளர் குறிப்பேட்டில் எழுதக்கூடாது. கோபத்தை யார் கண்டார்? ‘முதுகு மயிர் சிலிர்த்தது, பின்னங்கால்களில் எழுந்து நின்றது, மற்ற எலியை நோக்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது’ என்றால், அது கண்டதை எழுதியது ஆகும். ஆகவே வேலை தொடங்கு முன்னே ஒரு நடத்தைப் பட்டியல் தயாரிப்பார்கள். முகர்தல், மயிரை நக்கிச் சுத்தம் செய்தல், அசையாமல் உறைந்து நிற்றல் என்று ஒவ்வொன்றையும் விளக்கிவிடுவார்கள். உறைந்து நிற்றல் என்றால் என்ன? மூச்சு விடுவதைத் தவிர வேறு அசைவே இல்லாதிருத்தல். எத்தனை நொடி அப்படி இருந்தால் கணக்கில் சேரும் என்பதுகூட முன்கூட்டியே முடிவாகிவிடும். பாதி வழியில் இலக்கணத்தை மாற்றினால் முதல் நாள் எண்ணும் கடைசி நாள் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டாது.

அடுத்து, யாரைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது என்ற சிக்கல். ஒரு கூண்டில் ஆறு எலிகள். நம் கண் எங்கே போகும்? சண்டை போடும் எலியிடம்தான் போகும். மூலையில் தூங்கும் எலியை மறந்துவிடுவோம். வெளிக்காட்டில் நிரை நிரையாகப் பார்த்துவரும் மண்டோருக்கும் இதே தொல்லைதான். சத்தம் போடுபவர் நினைவில் நிற்பார். பேசாமல் பால் வெட்டிக்கொண்டு போனவர் நிற்கமாட்டார். ஜேன் ஆல்ட்மன் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலார் ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். 1974-இல் அவர் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை இந்தச் சிக்கலை ஒழுங்குபடுத்தியது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவது எண்ணிக்கைக்கு உதவாது என்றார். ஒரே விலங்கைக் குறித்த நேரம் வரை பின்தொடர்ந்து அது செய்வதை எல்லாம் எழுதலாம். அல்லது குறித்த இடைவெளிதோறும் கூட்டம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்து, அந்தக் கணத்தில் எது எது என்ன செய்கிறது என்று குறிக்கலாம். காட்டுக் குரங்குக்காகச் சொன்னது இன்று கூண்டு எலிக்கும் நடைமுறையாகிவிட்டது.

சரி, ஒருவர் எழுதியதை எப்படி நம்புவது? இரண்டு பேரைத் தனித்தனியாக எழுதச் சொல்லி ஒப்பிடுவார்கள். இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். இருவர் ஓர் எலியை 100 முறை பார்த்து, ‘தூக்கம்’ அல்லது ‘விழிப்பு’ என்று எழுதுகிறார்கள். 90 முறை இருவரும் ஒன்றுபடுகிறார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு, மிக நன்று என்று மகிழத் தோன்றும். பொறுங்கள். எலி பகலில் தூங்கும் பிராணி. இருவருமே 90 முறை ‘தூக்கம்’ என்றும் 10 முறை ‘விழிப்பு’ என்றும் எழுதியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் சுமார் 82 முறை தற்செயலாக ஒன்றுபட்டுவிடுவார்கள். ‘தூக்கம்’ ஒன்றுபடுவது 81, ‘விழிப்பு’ ஒன்றுபடுவது 1. ஆகவே கண்ணைத் திறந்து பார்த்ததனால் கிடைத்த இலாபம், மீதியுள்ள 18-இல் வெறும் 8. பாதிகூட இல்லை! தற்செயலைக் கழித்துவிட்டு உடன்பாட்டை அளக்கும் இந்த முறையை ஜேகப் கோஹன் என்பவர் 1960-இல் வகுத்துத் தந்தார்.

மனிதக் கண்ணை நம்பாமல் விலங்கையே தன் கணக்கை எழுத வைத்தவர்களும் உண்டு. எட்வர்ட் தார்ன்டைக் 1898-இல் பூனைகளை மரச்சட்டப் பெட்டிக்குள் அடைத்தார். உள்ளே ஒரு கயிற்று வளையம். அதை இழுத்தால் கதவு திறக்கும். வெளியே மீன் இருக்கும். பூனை வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்தார். மீண்டும் அடைத்தார், மீண்டும் குறித்தார். நேரம் மெல்ல மெல்லக் குறைந்தது. திடீரென்று ‘ஆ, புரிந்துவிட்டது!’ என்பது போன்ற வீழ்ச்சி இல்லை. அதற்கு முன்பெல்லாம் பூனை எவ்வளவு புத்திசாலி என்பதற்குக் கதைகளே சான்று. தாழ்ப்பாளைத் திறந்த ஒரு பூனையை ஊரெல்லாம் பேசும். கதவடியில் கத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயிரம் பூனைகளைப் பற்றி யார் பேசினார்கள்? 1930-களில் பி. எஃப். ஸ்கின்னர் இன்னும் ஒரு படி போனார். எலி ஒரு சிறு கம்பியை அழுத்தினால் தீனி உருண்டை விழும் பெட்டியைச் செய்தார். அதனுடன் ஒரு காகிதச் சுருளை இணைத்தார். காகிதம் ஒரே வேகத்தில் நகரும். எலி கம்பியை அழுத்தும்போதெல்லாம் பேனா ஒரு படி ஏறும். கோடு செங்குத்தாக ஏறினால் எலி சுறுசுறுப்பாக அழுத்துகிறது. படுத்துவிட்டால் அழுத்துவதை விட்டுவிட்டது. ஆய்வாளர் தூங்கிப்போனாலும் கோடு தூங்காது.

ஆனால் கருவி எண்ணைத்தான் தரும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அது சொல்லாது. இதற்கு ரிச்சர்ட் மோரிஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலார் 1981-இல் வெளியிட்ட நீர்த்தொட்டிச் சோதனையைச் சொல்வேன். வட்டமான தொட்டி. தண்ணீரில் பாலைக் கலந்து கலங்கலாக்கிவிடுவார்கள். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். எலி நன்றாக நீந்தும். ஆனால் நீரில் இருக்க விரும்பாது. அறையின் சன்னல், விளக்கு, அலமாரி இவற்றை அடையாளமாகக் கொண்டு மேடை இருக்கும் இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எந்த மூலையிலிருந்து விட்டாலும் நாளுக்கு நாள் விரைவாக மேடையை அடைகிறது. ஒரு மருந்தைக் கொடுத்த பிறகு எலி இரு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டால் என்ன சொல்வீர்கள்? மருந்து ஞாபகத்தைக் கெடுத்துவிட்டது என்பீர்கள். எலி களைத்துப் போயிருந்தால்? மெதுவாக நீந்தினாலும் நேரம் கூடுமே! ஆகவே நேரத்தோடு நீந்திய தூரத்தையும் அளக்க வேண்டும். கண் தெரியாமல் போயிருந்தால்? சில வகைச் சுண்டெலிகள் பிறந்த சில வாரங்களிலேயே பார்வையை இழந்துவிடுகின்றன. அவற்றை ஞாபகமில்லாதவை என்று எழுதினால் அது அநியாயம் அல்லவா? எனவே மேடையை வெளியே தெரியும்படி வைத்து ஒரு முறை விட்டுப் பார்ப்பார்கள். கடைசியில் மேடையை எடுத்துவிட்டு எலியை 60 நொடி நீந்த விடுவார்கள். தொட்டியை மனத்தால் நான்கு பங்காகப் பிரித்தால், எதுவும் நினைவில்லாத எலி ஒவ்வொரு பங்கிலும் ஏறத்தாழ 15 நொடி இருக்கும். நினைவுள்ள எலி, மேடை இருந்த பங்கையே சுற்றிச் சுற்றி வரும். எனக்கு இந்தச் சோதனையிலேயே பிடித்த பகுதி அந்த ஒரு நிமிடம்தான். இல்லாத ஒன்றை எலி தேடுகிறது. அந்தத் தேடலே அதன் ஞாபகத்துக்கு அளவாகிறது.

இத்தனை கவனமாக இருந்தும் மனித மனம் உள்ளே புகுந்துவிடும். இராபர்ட் ரோசன்தால் என்பவரும் கெர்மிட் ஃபோட் என்பவரும் 1963-இல் வெளியிட்ட ஆராய்ச்சியைக் கேளுங்கள். 12 மாணவர்களிடம் ஆளுக்கு ஐந்து எலிகளாக 60 எலிகளைக் கொடுத்தார்கள். ஆறு பேரிடம், ‘உங்கள் எலிகள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார வம்சம்’ என்றார்கள். மற்ற ஆறு பேரிடம், ‘உங்களுடையவை மந்த வம்சம்’ என்றார்கள். உண்மையில் எல்லாம் ஒரே வகை எலிகள். பெயர் மட்டுமே வேறு. இரு கிளையாகப் பிரியும் பாதையில் கருமையான கிளையைத் தேர்ந்தெடுக்கப் பழக்க வேண்டும். ஐந்து நாள் பழக்கினார்கள். ‘கெட்டிக்கார’ எலிகள் முந்திக்கொண்டன. ‘மந்த’ எலிகள் பின்தங்கின. பிறகு மாணவர்களைக் கேட்டபோது, ‘கெட்டிக்கார’ எலிகளை வைத்திருந்தவர்கள் அவற்றை அதிகமாகவும் மென்மையாகவும் கையாண்டதாகச் சொன்னார்கள்.

இதைப் படித்தபோது எலி என் மனத்தை விட்டுப் போய்விட்டது. வகுப்பறை வந்து நின்றது. ‘இவன் மக்கு, இவனுக்குப் படிப்பு ஏறாது, காட்டு வேலைக்கு அனுப்பலாம்’ என்று ஏழு வயதுப் பிள்ளையைக் காட்டி, அவன் காதுபடவே சொல்லும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் ஒட்டிய நாள் முதல் அவனிடம் கேள்வி கேட்பது குறைகிறது. விடைக்காகக் காத்திருக்கும் நேரமும் குறைகிறது. ரோசன்தாலும் லெனோர் ஜேகப்சன் என்ற அம்மையாரும் 1968-இல், ஒரு தொடக்கப் பள்ளியில் இதுபோன்ற சோதனையை நடத்தி நூல் வெளியிட்டார்கள். குறிப்பிட்ட சில பிள்ளைகள் இவ்வாண்டு மலர்ந்துவிடுவார்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். அந்தப் பெயர்கள் கண்ணை மூடி எடுத்தவை. சின்ன வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள் என்று கண்டார்கள். பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் இதை மறுத்தும் திருத்தியும் எழுதினார்கள்; விளைவு அவ்வளவு பெரிதல்ல என்பதே இன்றைய கணிப்பு. இருந்தாலும் அது சிறிதாக இருப்பதால் ஒரு பிள்ளைக்கு மக்கு என்று பெயர் வைக்க நமக்கு அனுமதி கிடைத்துவிடாது.

எலிக்கு வருவோம். பெயர் ஒட்டும் இந்த நோய்க்கு ஆய்வுக்கூடத்தில் மருந்து உண்டு. உண்மை மருந்தையும் வெறும் உப்புநீரையும் ஒரே மாதிரிப் புட்டிகளில் ஊற்றி, எண் மட்டும் எழுதி வைப்பார்கள். எந்த எண் எது என்ற இரகசியத் தாள் வேறொருவரிடம் இருக்கும். எண்ணிக்கை எல்லாம் முடிந்த பிறகுதான் அந்தத் தாள் பிரிக்கப்படும். எந்த எலிக்கு எந்தப் புட்டி என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்ய வேண்டும். கைக்குக் கிடைத்த எலிகளுக்கு முதல் புட்டி, மற்றவைக்கு இரண்டாம் புட்டி என்றால் ஆகாது. கோழி பிடித்தவர்களுக்கு இது தெரியும். கொட்டகையில் முதலில் கையில் சிக்குவது சாதுக் கோழி அல்லது சோம்பல் கோழி. ஓடியே ஆட்டம் காட்டும் கோழி கடைசியில்தான் வரும். அதுபோலவே ஒரே தாய் ஈன்ற பத்து எலிக்குட்டிகளைப் பத்துச் சான்றுகளாக எண்ணக்கூடாது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் பத்துப் பேரைக் கேட்டுவிட்டு ஊரே இப்படித்தான் என்று சொல்வது போன்றதாகிவிடும் அது.

எத்தனை எலி வேண்டும் என்று முன்னாலேயே கணக்கிட்டுக்கொள்வதும் அளவையின் ஒரு பகுதியே. 1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் என்னும் இருவர், விலங்கில்லாமல் முடியுமானால் விலங்கைத் தவிர்க்கவும், முடியாதபோது எண்ணிக்கையைக் குறைக்கவும், நோகாத வழியைத் தேடவும் வேண்டும் என்று எழுதினார்கள். பல நாடுகளின் சட்டங்களில் இன்று அந்தக் கருத்து இருக்கிறது. அதற்காக, தேவைக்கும் குறைவான எலிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாத சோதனை ஒன்றைச் செய்தால், அந்த எலிகள் பட்ட துன்பம் அத்தனையும் வீண்.

ஒரே சோதனையை இடம் மாற்றிச் செய்தால் ஒரே விடை வருமா? ஜான் கிராப் என்பவரும் அவருடைய தோழர்களும் 1999-இல் இதைச் சோதித்தார்கள். அமெரிக்காவின் ஆல்பனி, போர்ட்லண்ட், கனடாவின் எட்மன்டன் ஆகிய மூன்று நகரங்கள். ஒரே வகைச் சுண்டெலிகள், ஒரே வயது, ஒரே தீனி, ஒரே கருவி, தொடங்கிய நேரம்கூட ஒன்றுதான். இருந்தும் சில சோதனைகளில் விடைகள் வேறுபட்டன. ஓரிடத்தில் ஆய்வாளருக்குச் சுண்டெலி என்றாலே ஒவ்வாமையாம். மூச்சுக் கவசம் மாட்டிக்கொண்டே வேலை செய்தார். அதுவும் காரணமாயிருக்குமோ? யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறை பிற்பாடு வந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் என்பவரின் குழு 2010-இல், சுண்டெலியின் முகத்தைப் படிக்கும் முறையொன்றை வெளியிட்டது. கண் இடுங்குதல், மூக்கு புடைத்தல், கன்னம் புடைத்தல், காதின் நிலை, மீசை மயிரின் நிலை என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இல்லையென்றால் 0, ஓரளவு என்றால் 1, தெளிவாக இருந்தால் 2. தாய்மார்கள் பேச்சு வராத குழந்தையின் முகத்தைப் பார்த்து வயிற்றுவலி என்று கண்டுகொள்வதில்லையா? அதையே எண்ணாக்கிவிட்டார்கள். இப்போது கணினியும் இந்த வேலைக்கு வந்துவிட்டது. 2018-இல் வெளியான ‘டீப்லேப்கட்’ என்னும் நிரல், நிழற்படக் கருவி எடுத்த படங்களில் எலியின் மூக்கு, காது, பாதம், வால் எங்கே என்று தானே குறித்துக்கொண்டு போகிறது. ஆனால் முதலில் சில நூறு படங்களில் மூக்கு இது, வால் இது என்று மனிதர் கைப்படக் குறித்துக் கொடுத்தால்தான் அது கற்றுக்கொள்ளும்.

அதே மோகில் குழு 2014-இல் மற்றொன்றைக் கண்டது. ஆண் ஒருவர் அறையில் இருந்தால் சுண்டெலியின் முகத்தில் வலிக்குறி குறைந்தது. பெண் இருந்தால் அப்படிக் குறையவில்லை. ஆளே இல்லாமல், ஓர் ஆண் போட்டுக் கழற்றிய பனியனை அருகில் வைத்தாலும் அதே கதைதான். ஆண் வாடை பட்டதும் சுண்டெலிக்கு அச்சம் எழுகிறது. அச்சம் வலியை அமுக்கிவிடுகிறது. வலி மருந்துக்கே வேலையில்லாமல், மருந்து கொடுத்தவரின் வாடையே வலியைக் குறைத்துக் காட்டியிருக்கிறது! நேரம் செல்லச் செல்ல அந்த அச்சம் தணிந்துவிடுவதையும் கண்டார்கள். ஆகவே அளக்கத் தொடங்கும் முன் ஆய்வாளர் கூண்டின் அருகே சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று யோசனை சொன்னார்கள். எலி என்ன செய்தது என்பதோடு, பார்த்தவர் ஆணா பெண்ணா என்பதையும் ஆராய்ச்சிக் கட்டுரையில் எழுதவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள்.